ஆமத்தூரில் திறந்த பூட்டு

ஊரின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்துவிட வேண்டும் என்பது பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்களின் பேராசை. மதுரை என்றால் கோபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் அதுவும் கோபுரந்தான், அதோடு பால்கோவாவும் உண்டு. சிவகாசி என்றால் பட்டாசு. ஆமத்தூர் என்றால் என்ன? விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் அந்தப் பெயரைக் கூவும்போது இறங்குகிறவர்கள் இறங்குவார்கள். மற்றவர்கள் தூக்கத்தைத் தொடர்வார்கள். நானும் பலமுறை தூங்கிக்கொண்டே அந்த ஊரைக் கடந்தவன்தான். என் அத்தை அங்கே குடியிருக்கிறாள் என்ற ஒரு காரணம் இல்லாவிட்டால் இன்றைக்கும் அப்படியே கடந்து போயிருப்பேன்.

பகல் வேளையில் அந்தச் சாலையில் தூங்குவது பெரும் நஷ்டம் என்று இப்போது தெரிகிறது. விருதுபட்டி என்ற பழைய பெயரை விட்டுவிட்டு விருதுநகர் என்று ஆன அந்த வியாபார ஸ்தலத்தின் எண்ணெய் மணமும் மிளகாய் நெடியும் மூக்கை விட்டு அகன்றதும், இரு புறமும் கரிசல் விரிகிறது. மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும் மண். வெயில் அடித்தால் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண். பருத்தியும் சோளமும் விளைகிற இடம் போக மீதியை வேலிக்கருவை சுவாதீனம் செய்துகொண்டிருக்கிறது. அப்புறம் ஒரு விசித்திரக் காட்சி. வெட்டவெளியில் சின்னஞ்சிறு கட்டடங்கள், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப்போல எட்ட எட்ட நிற்கும். ஒரு அறைக்கு எத்தனையோ வாசல்கள். நடுவே மரங்கள். இவைதாம் பட்டாசுத் தொழிற்சாலைகள். ஓர் அறையில் விபரீதம் நேர்ந்தால் அது அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதற்காகவே இந்த இடைவெளி. 1920களில் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள் அல்லவா? அவர்கள் கொண்டுவந்த தீக்குச்சியின் சந்ததிதான் இந்தக் கட்டடங்கள் அத்தனையும்.

ஆமத்தூரில் நான் இறங்கியபோது அத்தையின் வீட்டில் ஒரு வெடி ஏற்கெனவே திரி பற்றிக்கொண்டிருந்தது.

"வாங்க மருமகனே" என்று அத்தை வரவேற்ற குரலில் வழக்கமான மலர்ச்சி இல்லை. அவளுடைய மருமகள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலை நிமிராமல் உள்ளே போய்விட்டாள். கூடத்தின் நடுவே பழைய இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதைச் சுற்றி அத்தையின் கொழுந்தன் பிள்ளைகள் இருவர், ஒருவர் கையில் சுத்தியலும் மற்றவர் கையில் இரும்பு அறுக்கும் ரம்பமுமாக, வைத்தியருக்காகக் காத்திராமல் தாங்களே ரண சிகிச்சை செய்யத் தீர்மானித்தவர்களைப்போல நின்றுகொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். மறுநாள் திங்கட்கிழமை. ரிஜிஸ்திரார் ஆபீசில் நிலப் பத்திரம் ஒன்றைக் காட்டியாக வேண்டும். பத்திரம் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் மேல் ஒரு பூட்டு இருக்கிறது. சாவி மட்டும் இல்லை. மூன்று நாளாகத் தேடுகிறார்கள். அரிசிப் பானை, அஞ்சறைப் பெட்டி, சாமி படங்களின் பின்புறம், எருமைத் தொழுவம் எல்லாம் சோதனை ஆகிவிட்டது. சாவி எப்போதும் அத்தையின் இடுப்பில் இருப்பது. அவளைத் தவிர வீட்டில் நடமாடுகிறவள் மருமகள் ஒருத்திதான். அத்தை வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலேயே ஒரு வீடு முழுவதையும் குற்றப் பத்திரிகையாக எழுதிவிட மாமியார்களுக்குத் தெரியும். மூன்று நாளாக இருவருக்குள்ளும் "சோறு வைக்கட்டுமா?" "ம்" என்பதற்கு மேல் பேச்சு இல்லை என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாள் எனக்குக் காதோடு காதாகத் தெரிவித்தாள்.

"உடைத்துவிட்டால் தீர்ந்தது" என்றார் சுத்தியல் வைத்திருந்தவர்.

"உடைக்கக்கூடாது" என்றாள் அத்தை. "எங்க அய்யா திண்டுக்கல்லுக்குப் போய் வாங்கி வந்த பூட்டு. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளில் இந்தப் பெட்டியும் பூட்டும்தான் கூட வந்தது."

திண்டுக்கல் பூட்டு என்றதும் நான் சற்று மரியாதையோடு குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலம், மாங்காயின் வடிவம், கனம். இந்த மாங்காய்ப் பூட்டுத்தான் திண்டுக்கல்லின் பிரசித்தி. யந்திரத்தில் ஆயிரமாக அச்சுப் போட்டு வருகிறதல்ல. தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, கையால் பொருத்திச் செய்கிறது. சாவி திரும்பும்போது மணி அடிக்கிற பூட்டும், வித்தை தெரியாதவன் திறக்க முடியாதபடி தந்திரம் வைத்த பூட்டும் அந்த ஊர்க் கைகளிலிருந்து வந்தவை. நம் பாட்டன்மார் திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டுக் காசிக்குப் போய் வருவார்களாம். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு என்ற சட்டப்படியான கௌரவம் அந்தப் பூட்டுக்குக் கிடைத்தது. கௌரவம் கிடைத்த காலத்தில் பட்டறைகள் குறைந்துபோயிருந்தன. வடக்கே அலிகாரிலிருந்து மலிவான பூட்டுகள் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. நம் தேசத்தில் ஒரு தொழிலைப் பாராட்டுவதற்கு அது மூச்சு வாங்கும்வரை காத்திருப்பது ஒரு வழக்கமாகிவிட்டது.

"அப்படியானால் பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்" என்றேன்.

"கூப்பிட்டிருக்கிறது. அண்ணாச்சி வருவார்" என்றாள் அத்தை. அண்ணாச்சி என்பது அந்தச் சீமையில் மரியாதைக்கு உரிய ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுப் பெயர். ஆகையால் அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதவில்லை என்று நேயர்கள் குறைப்படவேண்டாம்.

அவர் வந்தார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. சைக்கிள் கடை வைத்திருந்தவர். சிறு பிராயத்தில் திண்டுக்கல் பட்டறை ஒன்றில் அரம் பிடித்தவர். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பளபளப்பான கருவிகளை எதிர்பார்த்து எட்டிப் பார்த்த எனக்குப் பெரிய ஏமாற்றம். சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் இரண்டு மூன்று. தேய்ந்த ரம்பத் தகடு ஒன்று. ஒரு சிறு அரம். ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. அவ்வளவுதான். நம் வீட்டுப் பரணில் ஒரு மணி நேரம் தேடினால் நாமும் இந்த ஆயுதசாலையைச் சேர்த்துவிடலாம்.

பூட்டைக் கையால் ஏந்திப் பார்த்தார். அசைத்துக் காதருகே வைத்துக் கேட்டார். "லீவர் ஆறு இருக்கும்" என்றார். பிறகு, "தாயி, வீட்டிலே பழைய குடை இருக்கா? ஒரு கம்பி வேணும். சைக்கிள் கம்பி இதுக்குக் கொஞ்சம் தடிமன்" என்றார்.

குடை இருந்தது. சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலஞ்சென்ற மாமாவின் குடை. துணி நைந்து, பிடி மட்டும் மெருகு குன்றாமல் இருந்தது. அத்தை அதைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "குடை வேண்டாம் அண்ணாச்சி" என்றாள்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "சரி, கொண்டை ஊசி?" என்று கேட்டார். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. மருமகள் தன் தலையிலிருந்து எடுத்த ஊசியைக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அண்ணாச்சி ஊசியை நிமிர்த்தினார், முனையை மட்டும் நெல்லின் மூக்களவு வளைத்தார், வழவழப்பாக ராவினார். சைக்கிள் கம்பியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, செங்கோணமாக மடித்தார். ஆனால் உடனே வேலையை ஆரம்பித்துவிடவில்லை. மூன்று நிபந்தனைகள் போட்டார். பெட்டிக்கு உடையவர் எதிரில் இருக்கவேண்டும். வேற்று மனிதர் இருவர் சாட்சியாக இருக்கவேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும். அத்தை சொன்னாள்: பத்திரக் கட்டு, இரண்டு பட்டுப் புடவை, ஒரு வெள்ளிச் சந்தனக் கிண்ணம், மாமாவின் கைக்கடிகாரம். நானும் பக்கத்து வீட்டு அம்மாளும் சாட்சி ஆனோம். சுத்தியல்காரர்கள் திண்ணைக்குப் போய்விட்டார்கள்.

"இவ்வளவு கண்டிப்பு எதற்கு?" என்று கேட்டேன். "சொல்றேன் தம்பி, கை வேலையா இருக்கட்டும்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அவர் கை என்ன செய்தது என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். ஏனெனில் பூட்டைத் தினம் பத்துத் தடவை கையாளுகிற நமக்கு அதன் வயிற்றில் என்ன இருக்கிறதென்று தெரியாது. லீவர் பூட்டின் உள்ளே பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டில் ஒரு வாசல் வெட்டியிருக்கும். தாழிலே ஒரு முளை உண்டு. அத்தனை தகடுகளின் வாசல்களும் நேர்கோட்டில் வந்து நின்றால்தான் முளை உள்ளே புகும், தாழ் நகரும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கு உரிய உயரத்துக்குத் தூக்கிவிடுகின்றன. ஓர் இழை குறைந்தாலும் திறக்காது. ஓர் இழை அதிகமானாலும் திறக்காது.

சாவியில்லாதவன் என்ன செய்கிறான்? மடித்த கம்பியால் தாழைத் திறக்கும் பக்கமாக மெல்ல அழுத்திக்கொள்கிறான். அப்போது முளை தகடுகளின்மேல் முட்டும். எல்லாத் தகடுகளும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவாக இருந்தால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மனிதன் செய்த தகடுகள் அப்படி இருப்பதில்லை. ஏதாவது ஒன்று மட்டும் முந்திக்கொண்டு இறுகும். கொண்டை ஊசியால் அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தூக்கினால், வாசல் நேருக்கு வரும் கணத்தில் அழுத்துகிற விரலுக்கு ஒரு சிறு நெகிழ்ச்சி தெரியும். பிறகு அடுத்தது இறுகும். இப்படியே ஆறும். பூட்டைச் செய்தவன் விட்ட சின்னஞ்சிறு பிழைகளின் வழியாகத்தான் திறக்கிறவன் உள்ளே நடந்து போகிறான். கண்ணுக்கு இங்கே வேலை இல்லை. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"பாட்டுப் பாடியே கதவைத் திறந்தார்களாமே, வேதாரண்யத்தில்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் பேச்சை ஆரம்பித்தாள். அப்பர் பதிகம் பாடிக் கதவைத் திறந்ததும், சம்பந்தர் ஒரே பாட்டில் மூடியதும் நமக்குத் தெரிந்த கதை. திறப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. மூடுவதற்கு ஒரு நொடி போதும் என்பது தெய்வ லோகத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது.

இந்த வித்தைக்கும் நம் தமிழுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் காட்டிக்கொடுக்கும் பொற்கொல்லன், காவலரிடம் களவு சாஸ்திரத்தையே எடுத்து ஓதுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு வகை துணையைக் கள்வர்கள் நம்புவார்கள் என்கிறான். கருவிக்குக் கடைசி இடந்தான். அதைவிட வேடிக்கை, இவ்வளவும் அறிந்த அவன்தான் உண்மையான கள்வன். பழி சுமந்தவனுக்கு அந்தச் சாஸ்திரத்தில் ஓர் எழுத்தும் தெரியாது.

சீமையில் இதே வித்தை ஒரு காலத்தில் பெரிய அமர்க்களம் செய்தது. பிராமா என்பவர் ஒரு பூட்டைச் செய்து, லண்டன் பிக்காடில்லியில் தம் கடை ஜன்னலில் 1790 முதல் வைத்திருந்தார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதியும் வைத்தார். அறுபது வருஷம் ஒருவரும் அசைக்கவில்லை. சப் என்ற இன்னொரு கம்பெனியாரின் பூட்டு இன்னும் கெட்டிக்காரப் பூட்டு: லீவரை அளவுக்கு மேல் யாராவது தூக்கினால் அது அப்படியே சிக்கிக்கொண்டு, "என்னை யாரோ தொட்டார்கள்" என்று எஜமானுக்குத் தெரிவித்துவிடும். 1851ல் லண்டனில் உலகக் கண்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்ற ஒருவர் வந்து சேர்ந்தார். சப் பூட்டை ஏறக்குறைய 25 நிமிஷத்தில் திறந்தார். பிராமாவின் பூட்டுக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் செலவிட்டு அதையும் திறந்தார். இங்கிலாந்து தேசமே தன் கஜானாவைத் தடவிப் பார்த்துக்கொண்டது. இப்படிப்பட்ட இரகசியங்களை வெளியிடலாமா, திருடர்களுக்குப் பாடம் நடத்துவது ஆகாதா என்று பத்திரிகைகளில் சண்டை. திருடனுக்கு இதெல்லாம் முன்பே தெரியும், தெரியாமல் ஏமாறுகிறவன் வீட்டுக்காரன்தான் என்பது ஹாப்ஸ் கட்சியாரின் பதில். எனக்கு அந்தக் கட்சிதான் பிடிக்கிறது.

நம் தேசத்திலும் ஒரு பூட்டுக் கதை உண்டு. அர்தேஷீர் கோத்ரேஜ் என்ற பார்ஸி கனவான் வக்கீல் தொழிலை உதறிவிட்டு, ரண சிகிச்சைக் கருவிகள் செய்யப் புகுந்தார். சரக்கு நன்றாயிருந்தது, ஆனால் அதன்மேல் இந்தியாவில் செய்தது என்று பொறித்தால் வாங்க மாட்டோம் என்றார்களாம். அவரும் அந்த ஒரு வார்த்தையை விட்டுக்கொடுக்க மறுத்துத் தொழிலையே விட்டார். 1897ல் பம்பாயில் பூட்டுச் செய்ய ஆரம்பித்தார். ஸ்பிரிங் தேய்ந்தும் துருப்பிடித்தும் பூட்டைக் கெடுப்பதைப் பார்த்து, ஸ்பிரிங் இல்லாத பூட்டு ஒன்றையும் பின்னர் செய்தார். சுதேசி என்ற சொல் ஊர் ஊராக முழங்குவதற்கு முன்பே, ஒரு மனிதர் அதைத் தாழிலும் சாவியிலும் செதுக்கிக்கொண்டிருந்தார் என்பது சாமானிய விஷயமல்ல.

நான் இதைச் சொன்னதும் அண்ணாச்சி கண்ணைத் திறக்காமலே, "ஸ்பிரிங் துரு ஏறினதுதான் தம்பி இங்கேயும் தொந்தரவு" என்றார். இரண்டு லீவர்தான் அதுவரை இடம் கொடுத்திருந்தது. மெழுகை ஊசியில் தடவிக்கொண்டு தம் கதையைச் சொன்னார்.

முப்பது வருஷத்துக்கு முந்திய சமாசாரம். பக்கத்தில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை, பெயர் வேண்டாம். செய்து முடித்த சரக்கை வைக்கிற கிடங்குக்கு அங்கே மேகசின் என்று பெயர். சரக்கை எடுக்கவும் வைக்கவும் தவிர மற்ற நேரமெல்லாம் அது பூட்டியே இருக்கவேண்டும் என்பது சட்டம். ஒரு நாள் மாலையில் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்துபோயிற்று. அன்றைய சரக்கு முழுவதும் வெளியே. அறைகளில் இரவு வைக்கக்கூடாது. மேற்கே மேகம் கறுத்து மின்னல் வெட்டுகிறது. ஃபோர்மன் இரும்பு ரம்பத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் ஒருவர் அண்ணாச்சியை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"வாசல்லேயே ரம்பத்தைப் பார்த்தேன். வயிறு கலங்கிப் போச்சு. அந்தப் படியிலே எத்தனை நாள் மருந்துத் தூசி படிஞ்சிருக்குமோ? இரும்பை இரும்பால் அறுத்தா பொறி பறக்காம இருக்குமா?" என்றார்.

பட்டாசு செய்கிற இடத்தில் இரும்புக் கருவி ஆகாது. பித்தளை, செம்பு, மரம் இவைதாம் ஆகும். செருப்பையும் வெளியே விடவேண்டும். ஆகவே அவருடைய சைக்கிள் கம்பிகளும் வெளியே நின்றன. வெறுங்காலோடு சுற்றுமுற்றும் பார்த்தார். தொழிற்சாலைக்குள் சின்னப் பிள்ளையார் கோயில். அதிலே ஒரு பித்தளை விளக்கு. விளக்கிலே திரியைத் தள்ளிவிடுகிற பித்தளைத் தூண்டி. பிள்ளையாரிடம் கடன் சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டார். மின்சாரக்காரர் விட்டுப்போன தடித்த செம்புக் கம்பியைக் கல்லில் வைத்துத் தட்டி மடித்துக்கொண்டார். முறிந்த சாவித் துண்டை முதலில் வெளியே உருவவேண்டும். பிறகு லீவர்களைத் தூக்கவேண்டும். செம்பு வளையும், பித்தளை தேயும். மூன்று முறை தூண்டியை மறுபடி வளைத்து மறுபடி உள்ளே விட்டார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் தாழ் நகர்ந்தபோது முதல் தூற்றல் விழுந்ததாம். சரக்கை உள்ளே சேர்த்துப் பூட்டிவிட்டு எல்லோரும் காத தூரம் ஓடிப்போய் நின்று இடியைக் கேட்டார்கள்.

"அன்னிக்குத் தூக்கிக் கொண்டாடினாங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு வீட்டிலே களவு போச்சு. பூட்டு உடையலே; திறந்து கிடந்தது. முதல்லே யாரைத் தேடுவாங்க? மேகசினையே திறந்தவன் ஒருத்தன் இருக்கானே, அவனைத்தானே! ரெண்டு ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சிலே உக்கார்ந்திருந்தேன். பிறகுதான், அசல் சாவியையே ஆள் எடுத்துப் போய்த் திறந்திருக்கான்னு தெரிஞ்சுது. விட்டுட்டாங்க. ஆனா என் பெண்ஜாதி ரெண்டு வருஷம் தெருக் குழாய்க்குத் தண்ணிக்குப் போகலே."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அத்தை தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பூட்டை உடைக்காமல் திறந்து நுழைந்தாலும், தீய எண்ணத்தோடு நுழைந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது வீடு உடைத்தல்தான். வெள்ளைக்காரன் 1860ல் எழுதிய தண்டனைச் சட்டம் அப்படிச் சொல்லிற்று. அது நியாயமே. ஆனால் சட்டம் எண்ணத்தைப் பார்க்கிறது. ஊர் விரலைப் பார்க்கிறது. இரண்டாவது மகாயுத்தத்தின்போது அமெரிக்காவில் அணுகுண்டு ஆராய்ச்சி நடந்த இடத்தில் ஃபெய்ன்மன் என்ற இளம் விஞ்ஞானி இருந்தார். பொழுது போகாமல் சகாக்களின் பூட்டுகளையும் இரும்புப் பெட்டிகளையும் திறந்து பழகியவர். இரகசியங்களைக் காக்கிற பெட்டிகள் இவ்வளவு சுலபமாகத் திறக்கின்றனவே என்று ஓர் உயர்ந்த உத்தியோகஸ்தரிடம் நல்லெண்ணத்தோடு எச்சரித்தார். அந்த உத்தியோகஸ்தர் செய்த காரியம் என்ன? பெட்டிகளை மாற்றவில்லை. ஃபெய்ன்மன் எவர் எவர் அறைக்குள் வந்து போனாரோ அவரெல்லாம் தங்கள் பூட்டின் இலக்கத்தை மாற்றிக்கொள்ளவேண்டும் என்று உத்தரவு போட்டார்! ஆமத்தூரானாலும் அமெரிக்காவானாலும், ஓட்டையைக் காட்டுகிறவன்மேல்தான் முதலில் சந்தேகம் விழுகிறது.

ஐந்தாவது லீவர் இடம் கொடுத்தது. ஆறாவது மட்டும் பிடிவாதமாய் நின்றது. அண்ணாச்சி அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். உள்ளே ஏதோ 'டக்'கென்று விழுந்தது. இரண்டு லீவர் பழைய இடத்துக்கே போய்விட்டன. "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். மோரைக் கொண்டுவந்தவள் மருமகள். அவள் போகவில்லை, தூணருகில் நின்றாள். மறுபடி கண்ணை மூடினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பூட்டு ஒரு பெருமூச்சு விடுவதுபோலத் திறந்துகொண்டது. ஒரு கீறல் இல்லை.

அண்ணாச்சி பூட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். "தாயி, நீங்களே திறங்க."

அத்தை மூடியைத் தூக்கினாள். பத்திரக் கட்டு இருந்தது. புடவைகள் இருந்தன. சந்தனக் கிண்ணம் இருந்தது. கிண்ணத்துக்குள், கைக்கடிகாரத்தின் பக்கத்தில், சிவப்புக் கயிற்றில் கோத்த சாவி இருந்தது.

ஒருவரும் பேசவில்லை. அண்ணாச்சி திரும்பாமலே, "இது அமுக்கினாலே பூட்டிக்கிற பூட்டுத் தாயி. சாவி இல்லாமலும் பூட்டும்" என்றார். அவருக்கு முதலிலிருந்தே ஊகம் இருந்திருக்கவேண்டும்.

அத்தைக்கு அப்போது ஞாபகம் வந்தது. மாமாவின் திதியன்று கடிகாரத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள். திரும்ப வைக்கும்போது கண்ணை மறைத்த நீரில் கையிலிருந்த சாவியையும் கூடவே வைத்துவிட்டு மூடியை அழுத்திப் பூட்டிவிட்டாள். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடிகாரத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்ததிலிருந்து நானாக அறிந்தேன். திண்ணையிலிருந்து சுத்தியல்காரர், "என்ன, திறந்ததா?" என்று கேட்டார். "திறந்தது" என்று மருமகள் பதில் சொன்னாள். மூன்று நாளில் அவள் உரக்கப் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணாச்சி தம் சைக்கிள் கம்பிகளைப் பையில் போட்டார். கொண்டை ஊசியை மறுபடி பழைய வடிவத்துக்கு வளைத்துப் பார்த்தார், சரியாக வரவில்லை. "புதுசு வாங்கிக்கோ தாயி" என்று அந்தப் பெண்ணிடமே நீட்டினார். அத்தை இருநூறு ரூபாயை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாள். நூறை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி வைத்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு இன்னொரு சாவி போட முடியுமா?" என்று அத்தை கேட்டாள்.

"ஒரு நாள் வேலை. போடலாம். எதுக்கு?"

அத்தை அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். "வீட்டிலே ரெண்டு பேர் இருக்கோமில்லே" என்றாள்.

மறுநாள் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு மாமியாரும் மருமகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள். பத்திரம் மருமகளின் கைப்பையில் இருந்தது. நான் எதிர்த் திசை பஸ்ஸில் விருதுநகருக்கு ஏறினேன். கண்டக்டர் "ஆமத்தூர், ஆமத்தூர்" என்று கூவினபோது உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.